காட்கோபர் குன்றுச் சரிவுகள்: காலநிலைத் திட்டத்தில் பணம் உண்டு, மாற்று வீடு எங்கே?

மும்பை: மும்பை மாநகராட்சியின் காலநிலைச் செயல் திட்டம் 2022 மார்ச் 13-ஆம் தேதி வெளியிடப்பட்டது. நிகர பூஜ்ஜிய உமிழ்வை 2050-க்குள் எட்டுவது அதன் இலக்கு. இந்திய அரசு தனக்கு விதித்துக்கொண்ட 2070 என்ற ஆண்டைவிட இது 20 ஆண்டுகள் முந்தியது. ஆனால் காட்கோபர் மேற்கில், குன்றைக் குடைந்து அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட வீடுகளில் வசிப்போருக்கு 2050 வெகுதொலைவு. அவர்களின் கணக்கு அடுத்த ஜூலை மாதத்தோடு முடிகிறது.

அதற்குக் காரணம் உண்டு. 2000 ஜூலை 12 அன்று, தொடர்மழைக்குப் பின் காட்கோபரின் ஆசாத் நகரில் குன்றின் ஒரு பகுதி சரிந்து குடிசைகள்மீது விழுந்தது. 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஐந்தாண்டுகள் கழித்து, 2005 ஜூலை 26-இல், சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான அந்த நாளில், அருகிலுள்ள சாக்கிநாக்காவில் இதேபோன்ற சரிவு பலரைப் பலிகொண்டது. 2021 ஜூலை 18-ஆம் தேதி அதிகாலை செம்பூரின் பாரத் நகரில் சுவர் இடிந்து 19 பேரும், விக்ரோலியில் வீடுகள் சரிந்து 10 பேரும் மாண்டனர். இருபது ஆண்டுகளில் இடம் மட்டுமே மாறியது. பேரிடர் நிகழும் விதம் மாறவில்லை.

அந்த விதத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. வீட்டுக்குச் சமதளம் வேண்டி சரிவு செங்குத்தாக வெட்டப்படுகிறது. வெட்டிய மண் கீழே கொட்டப்பட்டு, அதன்மீது இன்னொரு வீடு எழுகிறது. மேலேயுள்ள வீடுகளின் கழிவுநீருக்கு முறையான வடிகால் இல்லாததால் ஆண்டு முழுவதும் ஈரம் உள்ளே இறங்குகிறது. சிதைந்த பாறையும் தளர்ந்த மண்ணும் கலந்த அடுக்கில் மழைநீரும் சேரும்போது, மண்ணின் எடை கூடுகிறது, பிடிப்பு குறைகிறது. சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் கனமழை அதிகரித்தால், இதே சரிவு முன்பைவிட விரைவாக நிலைகுலையும். காலநிலை மாற்றம் இங்கே புதிய ஆபத்தை உருவாக்கவில்லை. பழைய ஆபத்தின் அவகாசத்தைக் குறைத்துள்ளது.

ஆபத்தான இடங்கள் எவை என்பதும் அரசுக்குத் தெரியாததன்று. மும்பை குடிசைப்பகுதி மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வு, நிலச்சரிவு அபாயமுள்ள 327 இடங்களையும் அவற்றிலுள்ள 22,483 குடிசைகளையும் பட்டியலிட்டது. அவற்றுள் 9,657 குடிசைகளை உடனடியாக இடமாற்றம் செய்யப் பரிந்துரைத்தது. எஞ்சியவற்றுக்குத் தடுப்புச்சுவர் போதும் என்பது முடிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளிவந்த இந்த எண்கள், 2021 செம்பூர் விபத்துக்குப் பின் மீண்டும் பேசப்பட்டன. தடுப்புச்சுவர்கள் எழுந்தன. இடமாற்றம்தான் நகரவில்லை.

அசல்பா மெட்ரோ நிலையத்தைக் கடக்கும் பயணிகள், வண்ணம் தீட்டப்பட்ட குன்றுவீடுகளைச் சன்னல் வழியே படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. வண்ணம் பூசுவது எளிது. அடித்தளத்தைச் சீராக்குவது அப்படியன்று.

காற்றும் ஒரு பேரிடரே

காட்கோபர் அண்மையில் நாடு முழுவதும் அறியப்பட்டது மழையால் அன்று, காற்றால். 2024 மே 13 மாலை வீசிய புழுதிப்புயலில், சேடா நகர் அருகே பெட்ரோல் நிலையத்தின்மீது ராட்சத விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் உயிரிழந்தனர். 40 அடிக்கு 40 அடி என்பதே மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு. சாய்ந்த பலகையோ 120 அடிக்கு 120 அடி. அது நின்ற நிலம் ரயில்வே காவல்துறையின் வசம் இருந்ததால், அனுமதி தரும் அதிகாரம் எவருடையது என்பதில் இரு அமைப்புகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு நிலவியது. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி திலீப் போசலே தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

இதைக் காலநிலைப் பேரிடர் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. பருவமழைக்கு முந்தைய சூறைக்காற்று மும்பைக்குப் புதிதன்று. விதி மீறிய ஒரு கட்டமைப்பு அதன் பாதையில் நின்றதே உயிரிழப்புக்குக் காரணம். வளரும் நாடுகளின் தகவமைப்பு பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். கடற்சுவர், நீரேற்று நிலையம் போன்றவற்றின் விலை பேசப்படுகிறது. ஏற்கெனவே உள்ள விதியை நடைமுறைப்படுத்துவதற்கு ஆகும் சொற்பச் செலவு எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

நிதி எங்கே செல்கிறது

2024 ஜூனில் மும்பை மாநகராட்சி தனது முதல் காலநிலை நிதிநிலை அறிக்கையை வெளியிட்டது. ஆஸ்லோ, லண்டன், நியூயார்க் போன்ற மிகச் சில நகரங்களே இதற்கு முன் இம்முறையைப் பின்பற்றியிருந்தன. 2024-25 நிதியாண்டின் மூலதனச் செலவில் ஏறத்தாழ 32 விழுக்காடு, அதாவது சுமார் 10,224 கோடி ரூபாய், காலநிலை தொடர்பான பணிகளுக்கு என அறிக்கை கூறியது.

தொகை பெரியது. ஆனால் இது முழுவதும் புதிய பணம் என்று கொள்ளக் கூடாது. பல்வேறு துறைகளின் திட்டங்களை ஆராய்ந்து, காலநிலைக்குப் பொருந்துபவற்றுக்கு அடையாளமிடும் முறை இது. வெள்ளத்தடுப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முதலிய பெரும் பணிகள் இந்தக் கணக்கில் எளிதாகச் சேர்ந்துவிடுகின்றன. எனினும், எந்தப் பணி எதற்காக என்று ஒரே இடத்தில் பார்க்க முடிவதும், அடுத்த ஆண்டு அதைச் சரிபார்க்க முடிவதும் சிறு பயனன்று.

கேள்வி கேட்க வேண்டியவர்கள்தான் இல்லாமல் போயினர். மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2022 மார்ச் தொடக்கத்தில் முடிந்தது. சில நாள்களில் காலநிலைத் திட்டம் வெளியானது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அரசு நியமித்த நிர்வாகியே மாநகராட்சியை நடத்தினார். காட்கோபர் அடங்கிய என் வார்டில் ஒரு சரிவுக்குச் சுவர் வேண்டுமா, மாற்று வீடு வேண்டுமா என்று விவாதிக்க அந்தக் காலத்தில் மன்றமே இல்லை.

குன்றுக்குக் கீழே, சமதளத்தில் சிக்கல் வேறு. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவில் கட்டப்பட்டவை. அதுவும் கடலில் வற்றம் இருக்கும்போது மட்டும். பிரிம்ஸ்டோவாட் எனப்படும் வடிகால் சீரமைப்புத் திட்டம் இதை 50 மில்லிமீட்டராக உயர்த்த வகுக்கப்பட்டது. அதன் அறிக்கை 1993-இலேயே தயார். 2005 வெள்ளத்துக்குப் பிறகே அதற்கு உயிர் வந்தது. திட்டமிட்ட எட்டு நீரேற்று நிலையங்களில் ஆறு செயல்பாட்டுக்கு வந்தன. செம்பூர், மாட்டுங்கா, குர்லா, காட்கோபர் பகுதிகளின் நீரை வெளியேற்ற உதவக்கூடிய மாகுல் நிலையமோ நிலம் கிடைப்பதில் ஏற்பட்ட சிக்கலால் நீண்ட காலம் தேங்கியது. ஓதம் ஏறும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால், நாலாவில் உள்ள நீர் கடலுக்குப் போக வழியின்றித் தெருவுக்கே திரும்புகிறது.

உலகக் கணக்கு

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025-ஆம் ஆண்டு தகவமைப்பு இடைவெளி அறிக்கையின்படி, வளரும் நாடுகளுக்கு 2035-க்குள் ஆண்டுக்கு 310 முதல் 365 பில்லியன் டாலர் வரை தேவைப்படும். 2023-இல் பன்னாட்டுப் பொது நிதியாக வந்ததோ 26 பில்லியன் டாலர். இந்த நிலையில் வளரும் நாடுகள் பெருமளவு தமது வரிப்பணத்தையே நம்ப வேண்டியுள்ளது. மும்பை போன்ற செல்வ வளமிக்க மாநகராட்சி அதைச் சமாளிக்கலாம்; சிறு நகரங்களுக்கு அந்த வசதி இல்லை.

பணம் குறைவாக இருந்தும் உயிர்களைக் காத்த முன்னுதாரணங்கள் உண்டு. வங்கதேசத்தில் 1970 போலா புயல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2007 சிடர் புயலில் பலி சில ஆயிரங்களாகக் குறைந்தது. 2020 ஆம்பன் புயலில் சில பத்துகளுக்குள் நின்றது. புயல் பாதுகாப்பு இல்லங்களும், வீடு வீடாக எச்சரிக்கை செய்யும் தன்னார்வலர்களும் இந்த மாற்றத்துக்கு முதன்மைக் காரணம். அகமதாபாத் 2013-இல் தொடங்கிய வெப்பச் செயல் திட்டமும் பெரும் கட்டுமானத்தை நம்பியதன்று.

ஆனால் புயல் எச்சரிக்கை கேட்டவர் ஓர் இரவு வெளியேறி மறுநாள் திரும்பலாம். காட்கோபர் சரிவில் வசிப்பவர் நான்கு மாதப் பருவமழை முழுவதும் எங்கே தங்குவார்? ஆண்டுதோறும் மழைக்கு முன் மாநகராட்சி எச்சரிக்கை அறிவிப்பு கொடுக்கிறது. பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுமாறு அதில் கேட்டுக்கொள்ளப்படுகிறது. அந்த இடம் எது என்பதற்குத்தான் பதில் இல்லை.

மாற்று வீடு வழங்கும்போது எழும் தடைகள் இரண்டு. முதலாவது, தேதி. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே வசித்ததற்குச் சான்று உள்ளோருக்கு இலவச வீடு. 2011 ஜனவரி 1-க்கு முன் வந்தோருக்குக் கட்டண அடிப்படையில் வீடு. அதன்பின் வந்தோரும், மேல்மாடியில் வாடகைக்கு இருப்போரும் வழக்கமாகப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர். குன்றின் உச்சியில், மிக ஆபத்தான இடத்தில் கடைசியாக வந்து குடியேறியவர்களே பெரும்பாலும் இந்தப் பிரிவினர். மண் சரியும்போது குடும்ப அட்டையின் தேதி பார்ப்பதில்லை.

இரண்டாவது, இடம். தான்சா குடிநீர்க் குழாயையொட்டி வாழ்ந்த குடும்பங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த மாகுலுக்கு அனுப்பப்பட்டன. காற்று மாசால் நோயுற்றதாக அவர்கள் தொடுத்த வழக்கில், எவரையும் அங்கே கட்டாயமாக அனுப்பக் கூடாது என்றும், மாற்று வீடு தர இயலாவிடில் மாத வாடகை வழங்க வேண்டும் என்றும் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது. ஓர் ஆபத்திலிருந்து மீட்டு இன்னொன்றில் குடியமர்த்துவது தகவமைப்பு ஆகாது என்பதை வேறு சொற்களில் கூறிய உத்தரவு அது.

இவற்றுக்கிடையே, காட்கோபர் கிழக்கில் ரமாபாய் அம்பேத்கர் நகரும் காமராஜ் நகரும் மறுசீரமைக்கப்படுகின்றன. கிழக்கு விரைவுப் பாதையைத் தாணே வரை நீட்டிக்க அங்குள்ள நிலம் தேவைப்பட்டதால், பெருநகர வளர்ச்சி ஆணையமும் குடிசை மறுவாழ்வு ஆணையமும் கைகோத்துப் பல ஆயிரம் வீடுகளைக் கட்ட முன்வந்தன. சாலைக்கு நிலம் வேண்டியபோது இரு ஆணையங்களும் ஒன்றுசேர முடிந்தது. குன்றின் மேற்குப் பக்கத்தில் உள்ள சரிவுகளுக்கு அவ்வாறான சாலை எதுவும் தேவைப்படவில்லை.