நல்ல அடைப்பைப் பெயர்க்க வேண்டாம்

மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, பல் அடைப்பில் பாதரசக் கலவையின் பயன்பாட்டை 2034-க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதென்று தீர்மானித்தன. இந்தியா 2018-லேயே இந்த உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்த நாடு. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜனவரி 1 முதல் இந்தக் கலவைக்குத் தடை விதித்துவிட்டது. “அப்படியென்றால் என் வாயில் இருப்பதை இப்போதே எடுத்துவிட்டு, பல் நிறத்திலேயே அடைத்துவிடலாமா டாக்டர்?” என்ற கேள்வி இனி கடலூர் மஞ்சக்குப்பம் பல் மருத்துவமனைகளிலும் அடிக்கடி எழும். நேர்மையான பதில் இதுதான்: கெடாத அடைப்பைத் தொட வேண்டாம், புதிதாகப் பாதரசம் வைக்கவும் வேண்டாம்.

‘சில்வர் ஃபில்லிங்’ என்று நாம் சொல்லும் அமல்கத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. மெல்லும்போது மிகச் சிறிய அளவில் பாதரச ஆவி வெளிவருவது உண்மை. அது குழந்தைகளைப் பாதிக்கிறதா என்று அறிய, போர்ச்சுகலின் லிஸ்பனில் 507 குழந்தைகளை ஏழு ஆண்டுகளும், அமெரிக்காவில் 534 குழந்தைகளை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து கவனித்தார்கள். 2006-ல் வெளியான இரு ஆய்வுகளிலும், அமல்கம் வைத்த குழந்தைகளின் மூளைத் திறனிலோ நரம்புச் செயல்பாட்டிலோ பாதகமான வேறுபாடு தென்படவில்லை. ஆனாலும் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாக அமல்கம் வைப்பதைக் கூடியவரை தவிர்க்குமாறு 2020-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்தியது. நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்பை எடுக்கத் தேவையில்லை என்பதையும் அதே அறிவிப்பிலேயே சொன்னது.

ஏன் என்பது நாற்காலியில் நடப்பதைப் பார்த்தால் விளங்கும். பல்லோடு இறுகிக் கிடக்கும் உலோகத்தில் சுழலும் முனை பட்டதும் சூடு ஏறும்; சூட்டில் பாதரசம் ஆவியாகும். வாயில் சும்மா இருந்தபோது வந்ததைவிட அந்தச் சில நிமிடங்களில் அதிகமாக வெளியேறும். அதனால்தான் கவனமுள்ள மருத்துவர் ரப்பர் விரிப்பால் பல்லைத் தனிமைப்படுத்தி, தண்ணீரைப் பீய்ச்சியபடி, வேகமான உறிஞ்சுகுழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, அடைப்பைப் பொடியாக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுப்பார். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஓரத்தில் நல்ல பல்லும் கொஞ்சம் போகும். ஆழமான அடைப்பென்றால் நரம்பு சீண்டப்பட்டு, ரூட் கேனாலில் போய் முடியலாம். ஒவ்வாமை இல்லாத ஒருவரிடம் ‘உடம்பிலிருந்து விஷத்தை நீக்குகிறேன்’ என்று சொல்லி அடைப்பைப் பெயர்ப்பதை அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை தவறென்றே சொல்கிறது. அடைப்பு உடைந்திருந்தால், ஓரம் விலகியிருந்தால், அடியில் மறுபடி சொத்தை பிடித்திருந்தால், பல்லில் விரிசல் கண்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். கறுப்பாகத் தெரிகிறது என்பது மட்டும் மருத்துவக் காரணம் ஆகாது.

வெள்ளை அடைப்புக்கும் அதன் பாடு உண்டு. காம்போசிட் என்னும் பிசினை 2 மில்லிமீட்டர் அளவு அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளி காட்டி இறுக வைக்க வேண்டும். இடையில் எச்சில் பட்டால் பிடிப்பு போய்விடும். இறுகும்போது சற்றே சுருங்குவதால் ஓரத்தில் இடைவெளி விழவும் வாய்ப்புண்டு. லிஸ்பன் குழந்தைகளிடம் காம்போசிட் அடைப்புகளையே அதிகமாக மாற்ற வேண்டியிருந்தது. நேரம், விளக்கு, கைப்பழக்கம் மூன்றும் கூடினால்தான் அது நிற்கும்.

2034-க்கான உண்மையான சோதனை இங்கேதான். வசதியுள்ளவர் தனியாரிடம் காம்போசிட் வைத்துக்கொள்வார். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பமும் குறிஞ்சிப்பாடியின் விவசாயக் கூலியும் அரசு மருத்துவமனையைத்தான் நம்பியிருக்கிறார்கள். அங்கே அமல்கத்தை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் எதையும் தராவிட்டால், அடைக்க வேண்டிய பல்லைப் பிடுங்குவதுதான் நடக்கும்.

மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பல்லோடு தானாக ஒட்டி, ஃபுளோரைடையும் கசியவிடும் கிளாஸ் அயனோமரை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கடைவாயில் பெரிய குழிகளுக்கு இதன் வலு போதாது. ஆனால் பால்பற்களுக்கும் சிறிய சொத்தைகளுக்கும் தாராளமாக உதவும். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து இதை வைத்து அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் உருவானது. அதற்கு மின்சாரமே வேண்டாம். 2011-ன் தானே புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருளில் கிடந்த ஊர்களைக் கொண்ட கடலூர் மாவட்டத்துக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பயிற்சி தரவும் இடம் உண்டு. 1980-ல் சிதம்பரம் அண்ணாமலை நகரில் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி, 2021-ல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்தது. மாவட்டத்தின் அரசுப் பல் மருத்துவர்களுக்குக் காம்போசிட், கிளாஸ் அயனோமர் பயிற்சி அங்கிருந்தே தொடங்கலாம். மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பொருள்களும் ஒளிவிளக்குகளும் தட்டுப்பாடின்றிப் போய்ச் சேர வேண்டும்.

எடுத்த உலோகம் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். பாதரசத்தை அலட்சியமாகக் கையாண்டதன் விலையைத் தமிழ்நாடு கொடைக்கானலில் கண்டது. அங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்ட பிறகும் மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை நீண்டுகொண்டே போனது. பல் மருத்துவமனையின் வாஷ்பேசினில் போகும் துகளும் அதே பாதரசம்தான். சாக்கடை வழியே நீர்நிலையைச் சேர்ந்தால், நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக்க, அது மீனில் சேரும். கெடிலம் ஆறு கடலில் கலக்கும் ஊர் இது. அந்தக் கடலின் மீன்தான் நம் சாப்பாடு. இத்துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடித்துவிடும் வடிகட்டிக் கருவிகளைப் பல நாடுகள் கட்டாயமாக்கிவிட்டன. பழைய அடைப்பை எடுக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இங்கும் அது இருக்க வேண்டும்.

எனவே அரசு இப்போதே மூன்றைச் செய்ய வேண்டும்: குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அமல்கம் கிடையாது என்று அரசு மருத்துவமனைகளில் உடனே அறிவிப்பது, பல் நிற அடைப்பை அங்கே இலவசமாகத் தருவது, வடிகட்டியைக் கட்டாயமாக்குவது. நோயாளிகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. யாராவது அடைப்பை மாற்றச் சொன்னால், “அதில் என்ன கெட்டுப்போயிருக்கிறது, காட்டுங்கள்” என்று கேளுங்கள். எக்ஸ்ரேயிலோ கண்ணாடியிலோ காட்ட முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.