மேதைமைக்கும் களம் வேண்டும்

சதுரங்கத்தில் உலகை வென்றோரைப் பிறவி மேதைகள் என்று போற்றுவது எளிது. ஆனால், மேதைமைக்கும் ஒரு களம் வேண்டும் என்பதையே தமிழகச் சதுரங்க வரலாறு உணர்த்துகிறது.

1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். அங்கு ஆடிப் பழகிய விசுவநாதன் ஆனந்த், 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்; பின்னர் ஐந்து முறை உலகப்பட்டம் வென்றார். அவர் வழிவந்த குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18ஆம் வயதில் உலகப்பட்டம் சூடினார். பதினான்காம் ஆட்டம் சமனை நோக்கிச் சென்றது. ஒரேயொரு சிப்பாய் மிகுதியாக இருந்த நிலையிலும் அவர் பொறுமையுடன் ஆட்டத்தைத் தொடர்ந்தார். 55ஆம் நகர்த்தலில் டிங் லிரென் தவறிழைத்தார்.

அப்பொறுமை ஒரே நாளில் வாய்ப்பதன்று. கைப்பேசியில் ஆடினால் போதாதா எனச் சிலர் வினவுவர். கைப்பேசி விரைவைப் பழக்கும். எதிரெதிரே அமர்ந்து ஆடி, முடிந்த ஆட்டத்தை இருவரும் சேர்ந்து ஆராய்வதே நிதானத்தைப் பழக்கும்.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் மகிழுந்துகளும் மின்னணுக் கருவிகளும் உருவாகின்றன. அங்கு முறைப்பணியில் உழைப்போரின் பிள்ளைகள், மாநகரப் பயிற்சிக்கூடங்களை நாடத் தொலைவும் செலவும் தடையாகின்றன. சதுரங்கத்திற்குப் பெருந்திடல் வேண்டா. ஒரு வகுப்பறையும் சில பலகைகளும் வழிகாட்டும் ஆசிரியரும் போதும். ஆகவே, அப்பகுதியின் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மாலைநேரச் சதுரங்கக் கழகம் அமைதல் வேண்டும். தொழிற்சாலைகள் தம் சமூகப் பொறுப்பு நிதியால் அதற்குத் துணைநிற்கலாம். திறமை எங்கும் பிறக்கும். களம் அமைந்த இடத்திலேயே அது வளரும்.