அரசு வழக்கறிஞர் பணியும் ஓர் அமானிதமே



'வக்கீல்' என்னும் சொல் அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது. பிறர் காரியத்தைத் தம் பொறுப்பில் ஏற்பவர் என்பது அதன் பொருள். அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் அல்வகீல் என்பதும் ஒன்று. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளை சட்டம் படிக்க விரும்பினால், பொய் சொல்லிப் பிழைக்கும் தொழில்தானா கிடைத்தது என்றே பெரியவர்கள் கேட்கிறார்கள். அரசு வழக்கறிஞர் பணி என்றாலோ தயக்கம் இரட்டிப்பாகிறது. ஆட்சியாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும், காவல்துறை எழுதித் தருவதை ஒப்பிக்க வேண்டும் என எண்ணுகிறோம். நீதிமன்றக் கூண்டின் பக்கம் நின்று மட்டுமே அவரைப் பார்த்துப் பழகிய சமுதாயத்திற்கு அவ்வெண்ணம் எழுவதில் வியப்பில்லை. ஆனால் அப்பணியின் உண்மையான தன்மையை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களிலேயே சான்று இருக்கிறது.

2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தம்முடன் படித்த தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குச் சென்றார். அங்கிருந்து கடத்தப்பட்ட அவருடைய உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. அவர் தலித், தோழி வேறு சாதி. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பின்னால் சாதி அமைப்பின் பலம் இருந்தது. வழக்கை விசாரித்துவந்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா அதே ஆண்டு செப்டம்பரில் தம் குடியிருப்பில் இறந்துகிடந்தார். நாமக்கல்லில் நீதி கிடைக்காது என அஞ்சிய தாயார் உயர்நீதிமன்றத்தை நாடினார். விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டது. மூத்த வழக்கறிஞர் பவானி பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வழக்கை நடத்தினார்.

அவர் கையில் இருந்தது என்ன? முக்கியச் சாட்சியே பிறழ்சாட்சியாகிவிட்டார். எஞ்சியவற்றுள் தலையாயது கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு. அத்தகைய மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அது யாரிடமிருந்து, எவ்வாறு எடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு கண்ணியையும் மெய்ப்பிக்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் வழக்கு சரிந்துவிடும். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ஐந்து பேரை விடுவித்தது. மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் 2023 ஜனவரியில் திருச்செங்கோடு கோயிலுக்கே நேரில் வந்து பார்வையிட்டனர். அவ்வாண்டு ஜூன் 2 அன்று, முதல் குற்றவாளி யுவராஜின் ஆயுள் தண்டனையை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. எட்டு ஆண்டுகள் ஒரு தாய் சுமந்த வழக்கை அரசின் பெயரால் நீதிமன்றத்தில் சுமந்தவர் ஓர் அரசு வழக்கறிஞர்.

அரசு வழக்கறிஞரின் கட்சிக்காரர் யார் என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டியது. அவர் காவல்துறையின் ஊழியர் அல்லர். தண்டனை வாங்கித் தருவது மட்டும் அவர் கடமையும் அன்று. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மையையும் நீதிமன்றத்தின் முன் மறைக்காமல் வைக்க வேண்டியவர் அவர். வழக்கைத் திரும்பப் பெற அரசு விரும்பினாலும், அவர் தம் அறிவைச் செலுத்தித் தாமே முடிவு செய்ய வேண்டும் என்றே சட்டம் எதிர்பார்க்கிறது. எல்லோரும் அப்படி நடக்கிறார்களா என்றால், இல்லை. ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்களும் மாறுவதை நம் மாநிலத்தில் நாம் கண்டே வருகிறோம். அதனால்தான் அல்லாஹ்வுக்கு அஞ்சுவோர் அவ்விடத்தில் தேவைப்படுகிறார்கள்.

அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். மதீனாவில் ஒருவன் கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது போட்டான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து நபி (ஸல்) அவர்களிடம் அவனுக்காகப் பரிந்து பேசினர். அப்போது இறங்கிய இறைவசனங்கள் யூதரின் குற்றமின்மையை வெளிப்படுத்தின என்றும், மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் எனத் தடுத்தன என்றும் விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். குலப்பாசத்திற்கு மேலே நீதியை வைத்த மார்க்கம் நம்முடையது. திருச்செங்கோட்டு வழக்கில் உடைக்கப்பட வேண்டியிருந்ததும் அதே குலப்பாசம்தானே! அதே அத்தியாயத்தின் 135ஆம் வசனம், நமக்கும் நம் பெற்றோருக்கும் எதிராக அமைந்தாலும் நீதியில் நிலைத்து நிற்கக் கட்டளையிடுகிறது.

இங்கே நம் ஜமாஅத்துகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நம்மில் ஒருவர் அப்பதவிக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? 2021இல் அசன் முகமது ஜின்னா மாநிலத் தலைமைக் குற்றவியல் வழக்கறிஞராக நியமிக்கப்பட்டபோது நம்மில் பலர் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் 'நம்மவர்' என்னும் சொல், அடுத்த நாளே ஒரு சிபாரிசோடு அவர் வாசலில் போய் நிற்பதற்கான அனுமதிச்சீட்டு ஆகிவிடக் கூடாது. திருடிய மக்ஸூமி குலப் பெண்ணுக்காக உஸாமா (ரலி) பரிந்து பேசியபோது, தம் மகள் ஃபாத்திமாவே ஆயினும் சட்டம் ஒன்றே என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அன்பிற்குரிய உஸாமாவின் சிபாரிசே அங்கு செல்லவில்லை என்றால், நம் சிபாரிசு எம்மாத்திரம்? நம் பிள்ளை நேர்மையான அரசு வழக்கறிஞராக இருக்க வேண்டுமானால், அவரிடம் நேர்மையற்ற எதையும் கேட்காத உறவினராக முதலில் நாம் இருக்க வேண்டும்.

வழியும் எட்டாததன்று. சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டுகள் தொழில் செய்தவர்கள், டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி உதவி அரசு வழக்கறிஞர் ஆகலாம். அதற்கு மேலுள்ள நியமனங்களுக்கு இன்னும் நீண்ட அனுபவம் வேண்டும். இளம் வழக்கறிஞருக்கு முதல் சில ஆண்டுகள் வருமானம் மிகக் குறைவு. அக்காலத்தில் குடும்பம் தாங்கிப் பிடிக்காவிட்டால் அவர் பாதியிலேயே விலகிவிடுவார். நம் பைத்துல்மால்கள் மருத்துவம், பொறியியல் பயிலும் பிள்ளைகளுக்கு உதவுவதுபோல் இவர்களுக்கும் உதவ முன்வர வேண்டும். பெண் பிள்ளைகளையும் இதில் சேர்த்தே சொல்கிறோம்.

வாதத் திறமையால் ஒருவர் பிறர் உரிமையைப் பெற்றுக்கொண்டால், அவர் பெறுவது நெருப்புத் துண்டே என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நாவன்மை அருட்கொடையும் ஆகும், சோதனையும் ஆகும். அதை மகன் இழந்த தாய்க்காகவும், ஆதரவற்றோருக்காகவும், அவர் எச்சாதியினர், எம்மதத்தினர் ஆயினும், செலவிடும் தலைமுறையை நம் வீடுகளிலிருந்து உருவாக்க வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.