கையைப் பிடிங்க டாக்டர்!

காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் வாக்கிங் போகிற மதுரைக்காரர் யாரையாவது நிறுத்தி, 'சுகர் எவ்வளவு சார்?' என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவதற்கு முன்னால், பின்னால் என்று இரண்டு கணக்கும் ஒப்பிப்பார். பி.பி.யும் மனப்பாடம். 'நாடி ஒழுங்காத் துடிக்குதா?' என்று கேளுங்கள். 'என்ன, நாடி ஜோசியமா?' என்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டாக்டர் உங்கள் கையைப் பிடித்து நாடி பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு? விரலில் கிளிப்பை மாட்டுகிறார்கள். துடிப்பு 82. முடிந்தது. எண்ணிக்கை சரி சார், தாளம்?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஒரு கோளாறு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். துடிப்பு தாளம் தப்பும். ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவருக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. சிலருக்குப் படபடப்பு வரும்; 'கேஸ் ட்ரபிள்' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். பலருக்கு ஒன்றுமே தெரியாது. கை கால் இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த பிறகுதான் ஈ.சி.ஜி.யில் விஷயம் வெளியே வரும்.

'வயசானவங்க வியாதிதானே?' வயது ஏற ஏற அதிகம்தான். ஆனால், சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்திருந்தால், 30, 40 வயதிலேயே வரும்.

முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றை டாக்டர் சொன்னபடி ஒழுங்காகச் சாப்பிட்டால், பக்கவாத ஆபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறையும். மாரடைப்புக்காகப் போடுகிற ஆஸ்பிரின் இதற்கு ஈடாகாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டு வாசலுக்கே வந்து பி.பி., சுகர் மாத்திரை கொடுத்தார்கள். நல்ல விஷயம். படுத்துவிட்டவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வைத்தார்கள். அதுவும் நல்ல விஷயம். அவர் படுப்பதற்கு முன்னால் அந்தக் கையை ஒருவர் பிடித்துப் பார்த்திருக்க வேண்டாமா? உசிலம்பட்டியோ மேலூரோ, பி.பி. பார்க்கிற ஒவ்வொருவரும் நாடியின் தாளத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போடட்டும். 'நிதி இல்லை' என்று யாரும் சொல்ல முடியாது. செலவு, மூன்று விரல், அரை நிமிடம்.

உத்தரவு வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே உங்கள் அம்மாவின் மணிக்கட்டில், கட்டை விரலுக்கு நேர் கீழே விரல் வைத்துப் பாருங்கள். தாளம் தாறுமாறாக இருந்தால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, ஃபீஸை நீட்டுவதற்கு முன்னால் கையை நீட்டுங்கள்!