கடலை அப்புறம் செய்யலாம்

கம்ப்யூட்டரில் தண்ணீரை ஓடவிடக் கற்க ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வாரமே கடலில் இறங்கிவிடுகிறார்கள். ‘தசாவதாரம்’ (2008) படத்தின் முடிவில் வரும் சுனாமியையும், ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தில் (2022) புயலில் சிக்கும் கப்பலையும் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மம்சாபுரத்தில் உட்கார்ந்து இதைத் தொடங்கும் ஒருவருக்கு நான் சொல்வது வேறு. கடலை அப்புறம் செய்யலாம். முதல் சில மாதங்களுக்கு ஒரு தம்ளர், ஒரு வாய்க்கால், ஒரு கண்மாய் மடை போதும். காரணம், தண்ணீரை ஓடவிடும் மென்பொருள்கள் தப்பாகக் கணக்குப் போட்டாலும் ‘தப்பு’ என்று திரையில் எழுதிக் காட்டுவதில்லை. தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது தண்ணீர்தானா என்று சொல்ல வேண்டியது பார்ப்பவரின் கண். நடுக்கடல் புயலை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மடை திறந்து தண்ணீர் பாய்வதைப் பார்க்காதவர் இந்த வட்டாரத்தில் அபூர்வம்.

தம்ளரையே எடுத்துக்கொள்வோம். இலவச மென்பொருளான பிளெண்டரைத் திறந்ததும் நடுவில் நிற்கும் கனசதுரத்தின் பக்கம் 2 மீட்டர். புதிதாக வருபவர் அந்த அளவிலேயே தம்ளரைச் செய்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, எண்ணெய் போல மந்தமாக விழுகிறதே என்று தவிப்பார். கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். 10 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி 0.14 நொடியில் அடியைத் தொடும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் சுமார் மூன்றரை ஃப்ரேம். 2 மீட்டரிலிருந்து விழுந்தால் 0.64 நொடி, அதாவது 15 ஃப்ரேம். மென்பொருள் சரியாகத்தான் செய்திருக்கிறது; நாம் தம்ளர் என்று நினைத்ததை அது ஆள் உயரத் தொட்டியாக எடுத்துக்கொண்டது. இது தெரியாதவர் அளவைத் திருத்தாமல் பாகுநிலை, வேகம் என்று கண்ட எண்ணையெல்லாம் மாற்றி, கடைசியில் எதை மாற்றினோம் என்பதே தெரியாமல் நிற்பார். அந்தக் காலத்தில் பொம்மைக் கப்பலைத் தொட்டியில் மிதக்கவிட்டுப் படம் எடுத்தவர்களும் இதே சிக்கலில்தான் மாட்டினார்கள். கேமராவை வேகமாக ஓட்டி அலையைப் பெரிதாகக் காட்ட முடிந்தது, ஆனால் நீர்த்துளியைச் சிறிதாக்க முடியவில்லை. துளியின் பருமனே காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது ஒழுகல். 32 செ.மீ. பக்கமுள்ள பெட்டிக்குள் தம்ளரை வைத்து, பெட்டியைப் பக்கத்துக்கு 32 கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டம் 1 செ.மீ. எவர்சில்வர் தம்ளரின் தகடோ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கட்டத்தைவிட மெல்லிய சுவர் கணக்குக்குச் சரியாகத் தென்படாது, தண்ணீர் கசிந்து வெளியேறும். சுவரைத் தடிமனாக்க வேண்டும், இல்லையென்றால் கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். தம்ளரில் இந்தக் கசிவு உடனே கண்ணில் படும். கடலில் எத்தனை லிட்டர் காணாமல் போனது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

மடை இன்னும் நல்ல சோதனை. கண்மாயில் நீர்மட்டம் இறங்க இறங்க மடையிலிருந்து பாயும் வேகமும் குறையும். மடைக்கு மேலே நிற்கும் நீரின் ஆழம் நாலில் ஒன்றாகும்போது வேகம் பாதியாகும். திரையில் செய்த மடை அப்படி நடந்துகொள்ளாவிட்டால் எங்கோ தப்பு இருக்கிறது. தண்ணீரைவிடக் கெட்டியானவற்றுக்கு வந்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருவுக்குத் தெரு பால்கோவா கிண்டுகிறார்கள். அதிலும் பாடம் இருக்கிறது. பால் கொதிக்கத் தொடங்கும்போது துடுப்பு போன தடம் உடனே மூடிக்கொள்ளும். சுண்டச் சுண்டத் தடம் கொஞ்ச நேரம் நிற்கும். இறுகி வந்த பிறகு தடம் அப்படியே இருந்துவிடும். பாகுநிலை எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் தேன் கிடைக்கும், பால்கோவா கிடைக்காது. தேன் எவ்வளவு கெட்டியானாலும் நேரம் கொடுத்தால் சமமாகப் படிந்துவிடும். பால்கோவா வைத்த இடத்தில் குவிந்தே இருக்கும். அதற்கு வேறு வகைக் கணக்கு தேவை. டிஸ்னியின் ‘ஃப்ரோஸன்’ (2013) படத்துப் பனிக்காக ஆய்வாளர்கள் தனியாக ஒரு முறையை உருவாக்கியதும் இதனால்தான்: பனி முழுத் திரவமும் இல்லை, முழுத் திடமும் இல்லை.

இதற்கெல்லாம் லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் வேண்டாமா என்று கேட்பார்கள். கடலுக்கு வேண்டும். பக்கத்துக்கு 32 கட்டம் என்றால் மொத்தம் 32,768 கட்டங்கள்; 256 ஆக்கினால் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கட்டங்கள் 8 மடங்காகும், நேரத்தையும் பொடியாக நறுக்க வேண்டியிருப்பதால் வேலை சுமார் 16 மடங்காகும். தம்ளரும் மடையும் 64 கட்டத்திலேயே பாடம் சொல்லிவிடும். பிளெண்டரில் 2020 பிப்ரவரியில் 2.82 பதிப்போடு வந்த மாண்டாஃப்ளோ, நீரோட்டக் கணக்கைச் சாதாரண சிபியூவில்தான் போடுகிறது. கடனை வாங்கிக் கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் அந்தக் கணக்கு வேகமாகாது, அதைப் படமாக்கும் ரெண்டர்தான் வேகமாகும்.

ஸ்டுடியோக்கள் ஹூடினி என்ற மென்பொருள் தெரிந்த ஆட்களைத்தானே தேடுகின்றன என்பது நியாயமான கேள்வி. ஹூடினிக்கும் அப்ரென்டிஸ் என்ற இலவசப் பதிப்பு இருக்கிறது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, படத்தில் முத்திரை விழும், கற்க அது போதும். பிளெண்டர், ஹூடினி இரண்டிலும் தண்ணீருக்கு அடிப்படை ஃப்ளிப் என்ற ஒரே முறைதான். 1986-இல் இயற்பியலாளர்கள் உருவாக்கியதை, 2005-இல் ஜூ, பிரிட்சன் என்ற ஆய்வாளர்கள் மணலை அசைக்கும் ஆய்வு ஒன்றின் வழியாக கிராபிக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றில் அளவும் கட்டமும் புரிந்தவருக்கு மற்றதில் பொத்தான்கள் இருக்கும் இடம்தான் புதிது.

கணக்கு வராதே என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நீரோட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளின் தீர்வு பற்றிய கேள்விக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்து 2000-ஆம் ஆண்டிலிருந்து காத்திருக்கிறார்கள். ஆனால் தொடங்குவதற்கு அது வேண்டியதில்லை. பாகுநிலை, பரப்பு இழுவிசை, பெர்னௌலி தேற்றம் எல்லாம் நம் பிளஸ் 1 இயற்பியல் புத்தகத்தில் தமிழிலேயே இருக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்தால் யோஸ் ஸ்டாம் என்ற ஆய்வாளர் 2003-இல் கேம்களுக்காக எழுதிக் காட்டிய நீரோட்ட நிரலைத் தட்டிப் பார்க்கலாம். சி மொழியில் 100 வரிக்குள் முடிகிறது. நேரத்தை எவ்வளவு பெரிய துண்டுகளாக நறுக்கினாலும் அவர் முறையில் கணக்கு வெடித்துச் சிதறாது; அதற்கு விலையாகச் சுழல்கள் சீக்கிரமே அடங்கிவிடும். எந்த முறையும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து மடை திறக்கும் நாளில், பக்கத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, கரையில் நின்று போனில் பத்து நொடி வீடியோ எடுத்து வையுங்கள். உங்கள் முதல் மடையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.