249 கிராம் ட்ரோன் என்றால் எங்கும் பறக்கலாமா? ஜவ்வாது மலையில் மறக்கக் கூடாத விதிகள்

வார இறுதியில் பைக்கில் ஜமுனாமரத்தூர் ஏறும் இளைஞர்களின் பையில் இப்போது கேமரா ட்ரோனும் இருக்கிறது. பீமன் நீர்வீழ்ச்சி, கோலப்பன் ஏரி, சாமை வயல்கள் என மேலிருந்து எடுத்தால் ரீல்ஸ் பிய்த்துக்கொண்டு போகும். விதிகள் பற்றிக் கேட்டால் வரும் பதில், “249 கிராம்தானே ப்ரோ, பர்மிஷனே வேண்டாம்!” இது பாதி உண்மைதான். சிக்கல் மீதிப் பாதியில் இருக்கிறது.

எடை தரும் சலுகை

மத்திய அரசின் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் மாதம் வெளியாகின. அதன்படி 250 கிராம் வரை ‘நானோ’. அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் தேவையில்லை. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டாலும் பைலட் சான்றிதழ் வேண்டாம். அதே ட்ரோனை வைத்துக் கல்யாண ஆர்டர் எடுத்தால் சான்றிதழ் கட்டாயம்.

இதில் கணக்கு, ட்ரோன் பறக்கும்போது இருக்கும் மொத்த எடைதான். பெட்டியில் அச்சிட்ட எடை அல்ல. 249 கிராம் ட்ரோனில் பெரிய பேட்டரியோ இறக்கைக் காப்பு வளையமோ மாட்டினால் அது நானோ அல்ல, மைக்ரோ.

எடை தராத சலுகை

எங்கே பறக்கலாம் என்பதை முடிவு செய்வது எடை அல்ல, வான்மண்டலம். பச்சை மண்டலத்தில் 400 அடி (120 மீட்டர்) வரை தனி அனுமதி வேண்டாம். அதற்கு மேல் போனால் அதே வானம் மஞ்சள் மண்டலமாகிவிடும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மலைக்கு மேல் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், கிளம்பும் முன்பே பார்ப்பது நல்லது. வரைபடம் பச்சை காட்டினாலும் கீழே இருப்பது காப்புக்காடாக இருக்கலாம். அங்கே வனத்துறையிடம் கேட்காமல் நுழைவதே குற்றம்.

மலையில் மாறும் உயரம்

400 அடி என்பது தரையிலிருந்து கணக்கிடும் உயரம். ஆனால் பெரும்பாலான ட்ரோன்களின் திரை காட்டுவது, கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரத்தை. கொண்டை ஊசி வளைவில் கிளப்பிய ட்ரோன் 100 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கின் மேல் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிலம் 200 மீட்டர் இறங்கியிருந்தால் உண்மையான உயரம் 300 மீட்டர். திரை 100 என்றே சொல்லும். விதி எப்போதோ மீறப்பட்டிருக்கும்.

பள்ளத்திலிருந்து கிளப்பினால் நேர்மாறான ஆபத்து. சிக்னல் அறுந்து தானாகத் திரும்பும் ட்ரோன், நடுவில் நிற்கும் சரிவில் மோதலாம். திரும்பும் உயரத்தை முன்பே சரியாக அமைத்திருக்க வேண்டும். மேட்டில் அடிக்கும் காற்றில் முதலில் தடுமாறுவதும் எடை குறைந்த ட்ரோன்தான்.

கீழே இருப்பவர்கள்

ஜவ்வாது மலை வெறும் வியூ பாயின்ட் அல்ல. பழங்குடி மக்களின் ஊர். ஓடையில் குளிப்பவர்களும் முற்றத்தில் வேலை செய்பவர்களும் யாருடைய ரீல்ஸுக்கும் சம்மதம் சொல்லவில்லை. விழுந்தால் காயம் குறைவு என்பதால்தான் சட்டம் நானோவுக்குச் சலுகை தருகிறது. அதன் கேமரா அடுத்தவர் வீட்டைப் பார்ப்பதற்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஊருக்குள் போய் ஒரு வார்த்தை கேட்க, பைலட் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.