கண்ணீருக்கும் ஜாப் ஒர்க்

2023 ஆகஸ்ட் 16 அன்று, பாகிஸ்தானின் ஃபைசலாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த ஜரன்வாலாவில் யாரோ குர்ஆன் பக்கங்களை இழிவுபடுத்திவிட்டார்கள் என்ற பேச்சு பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் ஏறியது. பொழுது சாய்வதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் கொளுத்தப்பட்டன, கிறிஸ்தவர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் கரும்புக்காட்டுக்குள் இரவைக் கழித்தார்கள். இதுவரை எனக்கும், தொழில்துறை மலர் ஒன்றில் இதைப்பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருக்கும் திருப்பூர் ஏற்றுமதியாளருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. முதல் பத்தியோடு அவருக்கும் உண்மைக்குமான உறவு அறுந்துபோகிறது என்பதுதான் சங்கடம்.

அவர் சொல்வது இது: இந்தக் கொடுமை இஸ்லாத்தின் ரத்தத்திலேயே ஓடுகிறது, எந்த முஸ்லிமும் வாய் திறக்கவில்லை, அந்தக் கிறிஸ்தவர்களுக்கு நம் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஒன்றே புகலிடம், ஆகவே நம் நாட்டுச் சிறுபான்மையினர் வாயை மூடிக்கொண்டு நன்றியோடு இருக்க வேண்டும், ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் பாகிஸ்தானுக்குக் கொடுத்திருக்கும் வரிச்சலுகையை உடனே பறித்துவிட வேண்டும். கடைசி 'ஆகவே'யை எழுதுவதற்காகத்தான் முன்னால் உள்ள அத்தனையும் எழுதப்பட்டன என்பதைக் கண்டுபிடிக்க வாசகருக்குப் பெரிய மதிநுட்பம் தேவையில்லை. இருந்தாலும் வரிசையாகவே போவோம்.

மத நிந்தனைச் சட்டம் ஷரியத்திலிருந்து அப்படியே குதித்து வந்தது என்கிறார். அதன் வேர் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், மெக்காலே போட்ட வரைவில் இருக்கிறது. 295ஏ என்ற ஒட்டு 1927இல், லாகூரில் அச்சான ஒரு நூலால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு வெள்ளைக்காரன் போட்டது. பாகப்பிரிவினையில் இரண்டு வீட்டாரும் அதை ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். நம் பங்கு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாகப் புதுச்சட்டை போட்டு உலவுகிறது. பாகிஸ்தானில் 295பி 1982இலும், மரண தண்டனையைக் கொண்டுவந்த 295சி 1986இலும் சேர்க்கப்பட்டவை. சேர்த்தது ஜியா-உல்-ஹக்கின் ராணுவ ஆட்சி. நிந்தனைக்குத் தூக்கைத் தவிர வேறு தண்டனையே கூடாது என்று ஷரியத் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1990இல். அதற்கு முந்தைய பாகிஸ்தானில், 1960 முதல் 1968 வரை, தலைமை நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஏ.ஆர். கார்னீலியஸ் என்ற கிறிஸ்தவர். ரத்தத்திலேயே ஓடுகிற குணம் என்றால், 1947 முதல் 1986 வரை அந்த ரத்தம் எந்த ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் இருந்தது? மதத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஒலிபெருக்கியில் கூவியவர்கள் நபியின் பெயரைச் சொல்லித்தான் கூவினார்கள். ஆனால் ஒரு சர்வாதிகாரி, ஒரு சட்டப்பிரிவு, ஒரு தேதி என்று விரல்நீட்டிக் காட்டக்கூடிய குற்றத்தைப் பதினான்கு நூற்றாண்டுகளின் தலையில் கட்டுகிறவர் வரலாறு எழுதவில்லை, ஜாதகம் எழுதுகிறார்.

இனி அவர் விட்டுவிட்ட இடத்துக்கு வருகிறேன். 2009 ஜூன் மாதம், ஷேக்குபுரா மாவட்டத்தின் இட்டன்வாலி கிராமம். வெயிலில் ஃபால்சா பழம் பறிக்கும் கூலிப்பெண்கள். ஆசியா பீபி கிணற்றில் தண்ணீர் மொண்டு, அங்கே கிடந்த குவளையில் தானும் குடித்து, கூட வேலை செய்தவருக்கும் நீட்டுகிறார். அவள் தொட்ட குவளை தீட்டு என்கிறார்கள் மற்ற பெண்கள். வாய்ச்சண்டை முற்றுகிறது. ஐந்து நாள் கழித்து அது நபியை நிந்தித்த குற்றமாக மாறிப் போலீசுக்குப் போகிறது. 2010இல் தூக்குத் தண்டனை. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2018 அக்டோபர் 31இல். கட்டுரையாளர் ஆசியா பீபிக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருக்கிறார்; தண்டனை இருக்கிறது, சிறை இருக்கிறது, குவளையை மட்டும் காணோம். ஏனுங்க முதலாளி, கொங்குச் சீமையில் பிறந்து வளர்ந்து, டீக்கடைகளில் இரட்டைக் குவளை தொங்கியதைப் பார்த்த ஒருவருக்கு அந்தக் குவளை எப்படிக் கண்ணில் படாமல் போனது? படாமல் போனதா, பட்டதால்தான் வெட்டப்பட்டதா?

பாகிஸ்தான் பஞ்சாபின் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சூஹ்ரா என்ற தீண்டத்தகாத சாதியிலிருந்து மாறியவர்களின் வழிவந்தவர்கள். 1873இல் சியால்கோட் பக்கத்தில் தித் என்ற ஒரு தோல் வியாபாரி ஞானஸ்நானம் பெற்றதில் தொடங்கிய மதமாற்றம் அது. மதம் மாறினார்கள், துடைப்பம் கைமாறவில்லை. அண்மைக்காலத்திலும் அங்கே நகராட்சித் துப்புரவுப் பணிக்கான விளம்பரங்கள் 'முஸ்லிம் அல்லாதோர் மட்டும்' என்று வெளிவந்திருக்கின்றன. 2017 ஜூனில் சிந்து மாகாணத்தின் உமர்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் விஷவாயு தாக்கிக் கிடந்த கிறிஸ்தவத் தொழிலாளியை, அழுக்கு உடம்போடு தொட்டால் நோன்பு கெடும் என்று மருத்துவர்கள் தொட மறுத்ததாக அவர் குடும்பம் குற்றஞ்சாட்டியது, அவர் செத்துப்போனார். இது எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? இது நம் துணைக்கண்டத்தின் சொந்தச் சரக்கு. 2018 ஜூலையில் அவிநாசி வட்டாரத்துத் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் சமைத்த சத்துணவை எங்கள் பிள்ளைகள் தின்னக்கூடாது என்று பள்ளியை மறித்தவர்கள் எந்த மௌலவியிடம் பாடம் கேட்டவர்கள்? 2025 மே மாதம் பல்லடத்தை அடுத்த கரைப்புதூரில் சாயப்பட்டறைத் தொட்டிக்குள் இறங்கி மூச்சுமுட்டிச் செத்தவர்களின் சாதி என்னவென்று முதலாளி விசாரித்தாரா? ஜரன்வாலாவிலிருந்து கரைப்புதூர் வரை ஒரே நூல் ஓடுகிறது. அதை உருவினால் தம் பனியனும் பிரிந்துவிடும் என்று தெரிந்துதான், அத்தனை நீளக் கட்டுரையில் 'சாதி' என்ற சொல் ஒருமுறைகூட வராமல் கவனமாகப் பிசிறு வெட்டியிருக்கிறார்.

எந்த முஸ்லிமும் வாய் திறக்கவில்லை என்பது அடுத்த முத்து. ஆசியா பீபிக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தஸீர் 2011 ஜனவரி 4இல் தம் மெய்க்காவலனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயர் மேரி ஜோசப்பா? அந்தக் கொலைகாரனை 2016இல் தூக்கிலிட்டது எந்த நாட்டு அரசு? ஆசியா பீபியின் வழக்கை உச்ச நீதிமன்றம்வரை நடத்தி, தீர்ப்புக்குப் பின் உயிருக்குப் பயந்து கொஞ்சகாலம் நாட்டை விட்டே போக நேர்ந்த சைஃபுல் மலூக்? மரண தண்டனை விதிக்கப்பட்ட சிறுவன் ஒருவனுக்காக 1995இல் லாகூர் உயர் நீதிமன்றத்தில் நின்ற அஸ்மா ஜஹாங்கீர்? அவனை விடுவித்த குற்றத்துக்காக 1997இல் தம் அறையிலேயே சுடப்பட்ட நீதிபதி ஆரிஃப் இக்பால் பட்டி? திருப்பூர்க்காரருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால், சியால்கோட்டின் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருந்த இலங்கையர் பிரியந்த குமார. மதவாசகம் அச்சிட்ட தாளைச் சுவரிலிருந்து அகற்றினார் என்று 2021 டிசம்பர் 3இல் அவரைத் தொழிலாளர் கும்பலே அடித்துக் கொன்று எரித்தது. அந்தக் கும்பலுக்கு நடுவே அவரைத் தம் உடம்பால் மறைத்து நின்ற சக ஊழியர் மாலிக் அத்னான். இவர்களெல்லாம் வாய் மட்டுமா திறந்தார்கள்? நிந்தனை வழக்குகளில் சிக்கியவர்களில் கணிசமானோர் முஸ்லிம்களே என்பதையும் அவர் சொல்லவில்லை. சொன்னால் கதையில் வில்லனும் பலியும் ஒரே தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார்களே.

நம்மூர் முற்போக்காளர்கள் மௌனம் காத்தார்கள் என்ற குத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மறைப்பானேன்? காசாவுக்குப் பதாகை பிடித்த கைகளில் பல ஜரன்வாலாவுக்கு உயரவில்லை. குஷ்பூர் என்ற ஊர்ப்பெயரைச் சொல்லி மேடையில் கேட்டிருந்தால் பலர் திணறியிருப்பார்கள். ஆனால் கேட்க முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டுமே! ஃபைசலாபாத் மாவட்டத்துக் கத்தோலிக்கக் கிராமம் அது. நிந்தனை வழக்கில் ஓர் அப்பாவிக்கு விதித்த தூக்குத் தண்டனையை எதிர்த்து 1998 மே 6இல் சாஹிவால் நீதிமன்ற வாசலில் தம்மையே சுட்டுக்கொண்டு இறந்த ஆயர் ஜான் ஜோசப் அந்த ஊர். 2011 மார்ச் 2இல் இஸ்லாமாபாத்தில் சுடப்பட்ட சிறுபான்மை அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் அதே ஊர். கிறிஸ்தவர்களுக்காக நெஞ்சு வெடிக்கிறவரின் கட்டுரையில் இந்த இரண்டு கிறிஸ்தவர்களுக்கும் ஒரு வரி கிடைக்கவில்லை. அவருக்கு அழுவதற்குப் பிணங்கள் வேண்டும், எதிர்த்து நின்ற மனிதர்கள் வேண்டாம்.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை அவர் வாசித்தாரா என்பதே சந்தேகம். 2019இன் அந்தச் சட்டப்படி குடியுரிமை கேட்க, 2014 டிசம்பர் 31க்குள் இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும். ஜரன்வாலா எரிந்தது 2023இல். எரிவதற்கு எட்டரை வருஷம் முன்னாலேயே ஓடிவந்திருக்க வேண்டும் என்கிறாரா? ஆசியா பீபி போய்ச் சேர்ந்தது கனடாவுக்கு. ஆயிரக்கணக்கான பாகிஸ்தான் கிறிஸ்தவர்கள் பாங்காக்கின் ஒண்டுக்குடித்தன அறைகளில் ஐ.நா. அகதி அட்டைக்குக் காத்துக் கிடந்தார்கள். வாகா எல்லை பக்கத்திலேயே இருந்தும் ஏன் இங்கே வரவில்லை என்று ஒருகணம் யோசித்திருக்கலாம். அதே சட்டம், 1983 முதல் ராமேஸ்வரத்தில் கரையேறி இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்களுக்கு, அவர்களில் சைவரும் கிறிஸ்தவரும் நிறைந்திருந்தும், கதவைச் சாத்திவிட்டது. பஞ்சாபிக் கிறிஸ்தவனுக்குக் கசிகிற கண், மண்டபம் முகாமைக் கண்டதும் ஏன் வறண்டுபோகிறது?

நன்றியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருப்பூரின் கம்பெனிகளில் ஓவர்லாக்கிலும் செக்கிங் டேபிளிலும் நிற்கும் பிள்ளைகளில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஒடிசாவின் கந்தமாலில் 2008 ஆகஸ்டில் தொடங்கி நடந்த கிறிஸ்தவர் எதிர்ப்பு வன்முறையில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்து இரவைக் கழித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாணா என்ற தலித் சாதியைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். இவர்கள் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதி இல்லை என்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தப்பட்ட அது, ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் கிறிஸ்தவருக்கு அசையவில்லை. பாகிஸ்தான் கிறிஸ்தவனுக்குப் பாஸ்போர்ட்டே கொடுக்கத் துடிக்கிற வள்ளல், பக்கத்துத் தெரு கிறிஸ்தவனுக்கு ஒரு சாதிச் சான்றிதழ் கொடுக்கச் சம்மதிப்பாரா?

இப்போது அந்தக் கடைசி 'ஆகவே'. ஐரோப்பா 2014 ஜனவரி முதல் பாகிஸ்தானுக்கு ஜிஎஸ்பி பிளஸ் சலுகை கொடுத்துவருகிறது. நம் சரக்கு பத்து சதவீதத்தை ஒட்டி வரி கட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் சரக்கு வரியில்லாமல் இறங்கியது. வயிறு எரிவது நியாயமே. ஆனால் இந்த எரிச்சலுக்கு வயது அதிகம். 2002இல் போதைப்பொருள் ஒழிப்பைக் காரணம் காட்டி ஐரோப்பா பாகிஸ்தானுக்கு வரியைத் தள்ளியபோதே இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2004இல் ஜெயித்தது. அந்தத் தீர்ப்பின் விளைவாகத்தான் ஜிஎஸ்பி பிளஸ் என்ற புதுத் திட்டமே பிறந்தது. 2010இல் பாகிஸ்தான் வெள்ளத்தில் மூழ்கி, ஏறத்தாழ 2 கோடிப் பேர் பாதிக்கப்பட்டபோது, 75 வகைச் சரக்குகளுக்குத் தற்காலிகமாக வரியை விலக்க ஐரோப்பா முன்வந்தது. அதையும் 2011 இறுதிவரை தடுத்து நின்றது இந்தியா. அப்போது முழங்கால் தண்ணீரில் நின்றவர்களில் கிறிஸ்தவர்கள் இல்லையா? 1998இல் ஆயர் இறந்தபோது வராத கண்ணீர், 2009இல் ஃபைசலாபாத் பக்கத்துக் கோஜ்ராவில் வீடுகளோடு சேர்த்து மனிதர்களை எரித்தபோது வராத கண்ணீர், ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போனதும் பொங்குகிறது என்றால், அந்தக் கண்ணீரை யாரோ பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சலுகையைப் பறித்தால் அந்தக் கிறிஸ்தவர்களுக்கு என்ன லாபம் என்று அவர் ஓரிடத்திலும் கேட்கவில்லை. 2021 ஏப்ரல் 29இல் ஐரோப்பிய நாடாளுமன்றம், தூக்குத் தண்டனைக் கைதிகளாக ஏழு வருஷம் கிடந்த ஒரு கிறிஸ்தவத் தம்பதியின் பெயரைச் சொல்லி, இந்தச் சலுகையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஜூன் மாதத் தொடக்கத்தில் லாகூர் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சலுகை கையில் இருக்கிறவரைதான் மிரட்டலுக்கு மரியாதை. பறித்துவிட்டால் ஃபைசலாபாத்தில் முதலில் மூடப்படுவது தறிதான்.

அளவுகோலைப் பற்றியும் ஒரு பேச்சு. மனித உரிமையையும் தொழிலாளர் உரிமையையும் வணிகத்தோடு முடிச்சுப் போடக்கூடாது என்று உலக வர்த்தக அமைப்பின் 1996 சிங்கப்பூர் மாநாட்டிலிருந்து இந்தியா தொண்டை கிழியக் கத்திவருகிறது. திருப்பூரும் சேர்ந்துதான் கத்தியது. சுமங்கலித் திட்டத்தில் பஞ்சாலை விடுதிகளுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பெண்பிள்ளைகளைப் பற்றி ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் எழுதியபோது அது வெள்ளைக்காரன் சதி. பையர் ஆடிட் வருகிற அன்று காலை மட்டும் தீயணைப்பு வழியை மறித்த அட்டைப்பெட்டிகள் நகர்வதும், மாஸ்க் விநியோகமாவதும், மீசை முளைக்காத பையன்கள் திடீர் லீவில் போவதும் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அதே வெள்ளைக்காரன் டேப்பை எடுத்து லாகூரை அளந்தால் மட்டும் அது மனித உரிமையா?

சலுகை பெறும் தகுதி நமக்கு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை என்று அவர் கட்டுரை முடிகிறது. ஜிஎஸ்பி பிளஸ் கேட்கிற நாடு 27 சர்வதேச ஒப்பந்தங்களை ஏற்புறுதி செய்திருக்க வேண்டும். அவற்றில் சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தம் ஒன்று: பாகிஸ்தான் 2010இல் ஏற்றுவிட்டது, நாம் 1997இல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். சங்கம் வைக்கும் உரிமையையும் கூட்டுப்பேர உரிமையையும் சொல்லும் ஐ.எல்.ஓ. ஒப்பந்தங்கள் 87, 98 இரண்டையும் பாகிஸ்தான் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே ஏற்றது; இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. அவற்றை ஏற்கச் சொல்லி டெல்லிக்கு ஒரு மனு எழுதிக் கொண்டுவந்தால், பிரஸ்ஸல்ஸுக்கு எழுதத் துடிக்கும் அதே பேனாவால் முதலாளி கையெழுத்துப் போடுவாரா?